டேக்-ஆஃப் ஆன முதல் சில நிமிடங்கள்: சிறு விமானத்தில் நடுவான் மோதலைத் தவிர்க்க

நடுவானில் மோதல் என்றால் மேகம், மழை, இருட்டு என்றுதான் மனம் போகும். நடப்பது நேர்மாறு. சிறு விமானங்கள் ஒன்றோடொன்று மோதுவது பெரும்பாலும் பட்டப்பகலில், வானம் துல்லியமாக இருக்கும் நாளில், விமானத்தளத்துக்குச் சில மைல்களுக்குள், தாழ்ந்த உயரத்தில்தான். நல்ல வானிலையில்தான் எல்லாரும் பறக்கிறார்கள். எல்லாரும் கிளம்புவதும் வந்து சேர்வதும் அதே ஓடுபாதையில். அதிலும் நேருக்கு நேர் மோதுவதைவிட, வேகமான விமானம் மெதுவான ஒன்றைப் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலோ எட்டிப் பிடிப்பதே அதிகம்.

பயிற்சியில் இருப்பவர்களுக்கும், புதிதாக உரிமம் வாங்கியவர்களுக்கும் நாங்கள் முதலில் சொல்வது: கண்ணை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். மற்றவர்கள் உங்களை எதிர்பார்க்கும் இடத்தில், எதிர்பார்க்கும் உயரத்தில் இருங்கள். இருக்கும் இடத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். கண் மூன்றாவது காவல். விதிகள் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். உங்கள் தளத்தின் வெளியிடப்பட்ட நடைமுறை எதுவோ அதுவே முதலில்.

கண் ஏன் போதாது

ஒரு பொருள் கண்ணில் படுவதிலிருந்து உங்கள் விமானம் உண்மையில் திசை மாறுவது வரை சுமார் 12.5 வினாடி ஆகும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை பயன்படுத்தும் கணக்கு. பார்க்க 0.1, அது விமானம்தான் என்று புரிய 1, மோதும் பாதையில் வருகிறது என்று உணர 5, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்க 4, கை கால் இயங்க 0.4, விமானம் அசைந்து கொடுக்க 2. புரிந்துகொள்வதற்கும் முடிவெடுப்பதற்கும் மட்டுமே 9 வினாடி போய்விடுவதைக் கவனியுங்கள்.

இரண்டு விமானங்கள் தலா 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில் எதிரெதிரே வந்தால் இடைவெளி வினாடிக்குச் சுமார் 103 மீட்டர் குறையும். 12.5 வினாடிக்கு முன்னால் அந்த விமானம் 1.3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 11 மீட்டர் இறக்கை உள்ள செஸ்னா 172 என்ற சிறு விமானம் அந்தத் தூரத்தில் முழு நிலவின் அகலம்தான் தெரியும். அதுவும் இறக்கை மெல்லிய கோடு. திரண்டு தெரியும் உடற்பகுதி அதில் பத்தில் ஒரு பங்கு.

இன்னொரு சங்கடம், மோதப் போகும் விமானம் கண்ணாடியில் நகராது. இரண்டும் நேர்ப்பாதையில் ஒரே புள்ளியை நோக்கிப் போனால், எதிராளி உங்கள் கண்ணாடியில் ஒரே இடத்தில் ஒட்டியபடி இருப்பார். நம் கண் அசைவைத்தான் சட்டென்று பிடிக்கும். அசையாத புள்ளியைக் கண்ணாடிக் கறை என்று விட்டுவிடும். தூரம் பாதியாகும்போதெல்லாம் உருவம் இரண்டு மடங்காகும். எனவே வெகுநேரம் சின்னதாகவே இருந்து, கடைசி ஐந்தாறு வினாடியில் திடீரென்று ஊதிப் பெருக்கும். கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கிளம்புவது அழகுக்காக அல்ல.

தரையிலேயே முடிக்க வேண்டியவை

மேலே போன பிறகு குனிந்து செய்யும் ஒவ்வொரு வேலையும் வெளியே பார்க்காத நேரம். ஆகவே இவற்றை எஞ்சின் ஓடும்போதே, சக்கரம் நகரும் முன் முடித்துவிடுங்கள்:

1. உயரமானியில் அன்றைய அழுத்தத்தை வையுங்கள். ஊசி தளத்தின் உயரத்தைக் காட்டுகிறதா பாருங்கள். 1 ஹெக்டோபாஸ்கல் பிசகினால் சுமார் 30 அடி பிசகும். நீங்கள் ஒரு பக்கம் 5, இன்னொருவர் மறுபக்கம் 5 பிசகினால், 300 அடி இடைவெளி இருப்பதாக நினைத்த இடத்தில் இடைவெளியே இல்லை.

2. டிரான்ஸ்பாண்டரை (ரேடார் கேட்கும்போது பதில் அனுப்பும் கருவி) உயரம் அனுப்பும் நிலையில் வையுங்கள். 'ஸ்டாண்ட்பை'யில் மறந்து விடுவது சர்வசாதாரணம். பெரிய விமானங்களில் உள்ள மோதல் தவிர்ப்புக் கருவி உங்கள் டிரான்ஸ்பாண்டரின் பதிலை வைத்துத்தான் வேலை செய்கிறது. உயரம் வராவிட்டால் அது 'ஏறு, இறங்கு' என்ற கட்டளையைத் தராது. கண்பார்வை விதியில் (வெளியே பார்த்துத் தானே விலகிப் பறக்கும் முறை) பறக்கும்போது அதில் வைக்க வேண்டியது அமெரிக்காவில் 1200, ஐரோப்பாவின் பல நாடுகளில் 7000 என்ற எண்.

3. டேப்லெட்டில் வழித்தடம், அடுத்த அலைவரிசை, போகும் திசை எல்லாம் தயாராக இருக்கட்டும். 400 அடியில் திரையைத் தட்டிக்கொண்டிருப்பவர் யாரையும் பார்ப்பதில்லை.

4. உடன் வருபவரிடம் சொல்லி வையுங்கள்: "விமானம் ஏதாவது தெரிந்தால் உடனே கையை நீட்டிக் காட்டுங்கள். எனக்கும் தெரியும் என்று நினைத்துச் சும்மா இருக்காதீர்கள்." பயிற்றுநரும் மாணவரும் சேர்ந்து பறக்கும்போது இந்த ஒப்பந்தம் இன்னும் அவசியம். அவர் பார்ப்பார் என்று இவரும், இவர் பார்ப்பார் என்று அவரும் இருந்துவிடுவார்கள்.

5. தரையிறங்கும் விளக்கு, மோதல் தவிர்ப்பு விளக்கு இரண்டையும் பகலிலும் போடுங்கள். தளத்தைச் சுற்றி 10 மைலுக்குள் அணைக்க வேண்டாம்.

ஓடுபாதை முனையில் நிற்கும்போது

தளத்தைச் சுற்றிப் பறக்கும் செவ்வகப் பாதைதான் சர்க்யூட்: ஏறிய பின் குறுக்கே திரும்பும் பகுதி கிராஸ்விண்ட், ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் போவது டவுன்விண்ட், மீண்டும் குறுக்கே வருவது பேஸ், ஓடுபாதையை நோக்கி நேரே இறங்குவது ஃபைனல். கட்டுப்பாட்டுக் கோபுரம் (டவர்) இல்லாத தளத்தில் வானொலி அலைவரிசையை ஓரிரு நிமிடமாவது கேளுங்கள். யார் டவுன்விண்டில், யார் பேஸில், யார் 10 மைல் தள்ளி வருகிறார் என்று முழங்காலில் கட்டிய தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முழு அமைதி நல்ல சேதி அல்ல. அலைவரிசை தப்பாக இருக்கலாம், ஒலி அளவு குறைந்திருக்கலாம், எவரோ பேச்சுப் பொத்தானை அழுத்தியபடியே விட்டிருக்கலாம். வானொலிச் சோதனை கேட்டுப் பதில் வாங்குங்கள். அப்படியும், வானொலியே இல்லாமல் பறக்கும் பழைய விமானங்கள் உண்டு. பல தளங்களில் அது சட்டத்துக்கு உட்பட்டதுதான்.

ஓடுபாதைக்குள் நுழையும் முன் நிற்க வேண்டிய ஹோல்டிங் கோட்டில் விமானத்தைச் சற்றுத் திருப்பி, ஃபைனல் முழுவதும் கண்ணில் படும்படி நில்லுங்கள். இரண்டு பக்க பேஸையும் பாருங்கள், சர்க்யூட் இடதுபுறம்தான் என்று தெரிந்திருந்தாலும். பிறகு எதிர்முனை. காற்றில்லாத நாளில் ஒருவர் 27 என்ற முனையிலிருந்தும் இன்னொருவர் அதன் எதிர்முனையான 09-இலிருந்தும் கிளம்புவது உண்டு. ஓடுபாதை நடுவில் மேடாக இருந்தால் மறுமுனையில் நிற்பவர் தெரியவே மாட்டார். அங்கே வானொலிதான் கண்.

இறங்க வருபவருக்கே முன்னுரிமை. 65 நாட் வேகத்தில் வருபவர் 1 கடல் மைலைக் கடக்க 55 வினாடி ஆகும். நீங்கள் ஓடுபாதைக்குள் நுழைந்து, நேராக்கி, ஓடி, எழும்ப அதே அளவு நேரம் வேண்டும். அவசரப்பட்டு அவருக்கு முன்னால் நுழைந்தால், அவர் தரையிறங்காமல் மறுபடி மேலே ஏறுவார். அப்போது அவர் உங்கள் தலைக்கு மேல், உங்களைவிட வேகமாக. நீங்கள் அவர் மூக்குக்குக் கீழே. ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே பாதையில் ஏற இதைவிட நிச்சயமான வழி இல்லை. சந்தேகம் இருந்தால் காத்திருங்கள்.

உங்களுக்கு முன்னால் மெதுவான விமானம் கிளம்பியிருந்தால் அது கிராஸ்விண்டுக்குத் திரும்பும் வரை நிற்பது நல்லது. ஓடுபாதையில் இடைவெளி இருப்பது போதாது. ஏறும்போது நீங்கள்தான் அதை எட்டிப் பிடிப்பீர்கள்.

அறிவிப்பில் இருக்க வேண்டியவை: தளத்தின் பெயர், விமானத்தின் வகையும் அழைப்புக்குறியும், எந்த ஓடுபாதை, கிளம்பிய பின் என்ன செய்யப் போகிறீர்கள், மீண்டும் தளத்தின் பெயர். பெயரை இரண்டு முறை சொல்வதற்குக் காரணம், பல தளங்கள் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. முதல் சொல் வெட்டுப்பட்டால் கடைசிச் சொல்லாவது காப்பாற்றும். 'மேற்கே போகிறேன்' என்பது 'கிளம்புகிறேன்' என்பதைவிடப் பத்து மடங்கு பயனுள்ளது. பதிவு எண்ணை மட்டும் சொன்னால் வானத்தில் இருப்பவருக்கு எதைத் தேடுவது என்று தெரியாது. 'வெள்ளை நிற, உயர்ந்த இறக்கை' என்றால் தெரியும்.

முதல் 1000 அடி

செஸ்னா 172 போன்ற விமானம் 74 நாட்டில், நிமிடத்துக்கு 700 அடி வீதம் ஏறினால் 1000 அடி சேர ஒன்றரை நிமிடம். இந்த நேரம் முழுக்க மூக்கு தூக்கி இருப்பதால், நீங்கள் போகும் திசையே உங்களுக்குத் தெரியாது. தடைகளைத் தாண்டும் வரை இது தவிர்க்க முடியாதது. தாண்டிய பிறகும் அதே கோணத்தில் ஏறிக்கொண்டிருப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு.

ஓடுபாதையின் நீட்டிய மையக்கோட்டிலேயே ஏறுங்கள். பக்கக் காற்றில் தள்ளப்படுகிறீர்களா என்று ஒருமுறை பின்னால் திரும்பிப் பாருங்கள். இணை ஓடுபாதைகள் உள்ள தளத்தில் இந்தச் சறுக்கல் நேராகப் பக்கத்துப் பாதைக்காரரிடம் கொண்டுபோய் விடும்.

சர்க்யூட் உயரம் பல இடங்களில் தரையிலிருந்து 1000 அடி. டர்பைன் விமானங்களுக்கு 1500. பிரிட்டன் வழக்கத்தைப் பின்பற்றும் தளங்களில் ஒரு கூடுதல் ஆபத்து: உள்ளே வருபவர்கள் 2000 அடியில் தளத்துக்கு மேலே வந்து, சர்க்யூட் இல்லாத பக்கத்தில் இறங்கி, ஓடுபாதையின் கிளம்பும் முனைக்கு மேலே சர்க்யூட் உயரத்தில் குறுக்கே கடப்பார்கள். சுறுசுறுப்பாக ஏறும் விமானமும் நீளமான ஓடுபாதையும் சேர்ந்தால், நீங்கள் சரியாக அந்த இடத்தில் அந்த உயரத்துக்குப் போய்ச் சேர்வீர்கள். அங்கே யாரும் குறுக்கே வரவில்லை என்று உறுதியானால்தான் 1000 அடியைத் தாண்டுங்கள்.

போதிய உயரம் கிடைத்ததும் வேகத்தை 80, 85 நாட்டுக்குக் கூட்டி மூக்கைத் தாழ்த்துங்கள். ஏற்ற வீதம் கொஞ்சம் குறையும்; எஞ்சின் குளிரும்; முன்னால் உலகம் தெரியும். நீண்ட ஏற்றத்தில் ஒவ்வொரு 500 அடிக்கும் ஒருமுறை மூக்கைச் சில வினாடி தாழ்த்திப் பார்த்துவிட்டு மீண்டும் ஏறுங்கள், அல்லது இடமும் வலமுமாக 15, 20 பாகை மெல்ல வளைந்து வளைந்து ஏறுங்கள். வளையும் விமானம் பிறர் கண்ணிலும் எளிதாகப் படும், அதன் இறக்கை மினுங்குவதால்.

திரும்பும்போது

அமெரிக்க நடைமுறையில் கிராஸ்விண்ட் திருப்பம் ஓடுபாதை முடிவைத் தாண்டி, சர்க்யூட் உயரத்துக்கு 300 அடிக்குள் வந்த பிறகு. தளம் கடல் மட்டத்திலிருந்து 400 அடியில் இருந்தால் சர்க்யூட் 1400. திருப்பம் 1100-க்கு மேல். இதைவிடச் சீக்கிரம் திரும்பினால் டவுன்விண்டில் வருபவரின் வயிற்றுக்குக் கீழே ஏறுவீர்கள்.

இறக்கை அமைப்பு இங்கே முக்கியம். இறக்கை உடலுக்கு மேலே அமைந்த, அதாவது உயர்ந்த இறக்கை விமானத்தில், திரும்பும் பக்கத்து இறக்கை தாழ்ந்து அந்தப் பக்கத்தையே மறைக்கும். எனவே திரும்பும் முன் அந்த இறக்கையை ஒரு நொடி தூக்கி, அடியில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். தாழ்ந்த இறக்கை விமானத்தில் உள்பக்கம் நன்றாகத் தெரியும். வெளிப்பக்கமும் கீழும் மறையும். மேலே தாழ்ந்த இறக்கை விமானம் இறங்க, கீழே உயர்ந்த இறக்கை விமானம் ஏற, இருவருக்கும் இடையே இரண்டு இறக்கைகள் திரையாக நிற்கும். எத்தனை கூர்மையான கண்ணாலும் இதை வெல்ல முடியாது. யார் எந்த உயரத்தில் இருக்கலாம் என்ற ஒழுங்குதான் காப்பாற்றும்.

சர்க்யூட்டை விட்டு வெளியேறுபவர் நேரே போகலாம்; அல்லது ஓடுபாதை முடிவைத் தாண்டி, சர்க்யூட் உயரத்தை எட்டிய பிறகு, சர்க்யூட் பக்கமாக 45 பாகை திரும்பிப் போகலாம். டவுன்விண்டுக்கு 45 பாகையில் சேர வருபவர்களின் பாதைக்குள் நுழையாதீர்கள். எதிர்ப்பக்கம் போக வேண்டுமானால் நேராகவே இன்னும் ஏறி, சர்க்யூட்டைவிட நன்றாக மேலே போன பிறகு திரும்புங்கள். தளத்துக்கு மேலேயே சுற்றிச் சுற்றி ஏறுவது எரிபொருளை மிச்சப்படுத்துவதுபோல் தோன்றும். மேலே வருபவர்கள் எல்லாரும் கூடும் இடம் அது.

தரையிறங்காமல் மறுபடி மேலே ஏறும் நிலை உங்களுக்கு வந்தால், சர்க்யூட் இல்லாத பக்கமாகச் சற்று விலகி ஏறுங்கள். இடதுபுறச் சர்க்யூட்டில் வலப்பக்கம் ஒதுங்கினால், இடது இருக்கையிலிருந்து ஓடுபாதையும் அதிலிருந்து எழும்புபவரும் தெரிவார்கள். அந்தப் பக்கம் இணை ஓடுபாதை இருந்தால் மட்டும் ஒதுங்காதீர்கள்.

பார்க்கும் முறை

தலையை இடமிருந்து வலமாக ஒரே வீச்சில் ஓட்டினால் பார்த்தது போலத்தான் இருக்கும், எதுவும் தெரியாது. கண் ஓடும்போது விவரம் பதிவதில்லை. வானத்தை 10 பாகைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு வினாடி நிறுத்துங்கள். இடமும் வலமும் 60 பாகை, அடிவானத்துக்கு மேலும் கீழும் 10 பாகை. 20 வினாடியில் நாலைந்து வினாடிக்கு மேல் உள்ளே பார்க்காதீர்கள்.

வெறும் நீலத்தை வெறித்தால் கண்ணின் குவியம் தானாகச் சில மீட்டர் தூரத்துக்கு வந்து நின்றுவிடும். தொலைவில் உள்ளது மங்கும். அவ்வப்போது தொலைவில் உள்ள மேகத்தையோ தரையடையாளத்தையோ பார்த்துக் குவியத்தைத் திருப்பி அனுப்புங்கள். கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு விமானம் முழுசாக ஒளிந்துகொள்ளும். தலையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு விமானம் தெரிந்தால் அதைக் கண்ணாடியில் உள்ள ஒரு கீறலோடோ சட்டத்தின் விளிம்போடோ ஒப்பிடுங்கள். நகர்ந்தால் விலகிப் போகிறது. நகராமல் பெரிதானால் உங்களிடம் வருகிறது. அடிவானக் கோட்டில் இருந்தால் ஏறக்குறைய உங்கள் உயரம், மேலே இருந்தால் உயரம் அதிகம், கீழே இருந்தால் குறைவு. ஆனால் சர்க்யூட்டில் எல்லாரும் திரும்பிக்கொண்டே இருப்பதால் 'நகர்கிறது, கவலையில்லை' என்று அங்கே விட்டுவிட முடியாது. ஒன்றைப் பார்த்துவிட்டால் அதிலேயே கண்ணைப் பதித்துவிடாதீர்கள், இரண்டாவது ஒன்று இருக்கக்கூடும்.

பின்னால் வருபவர் வேறு கதை. 110 நாட்டில் வருபவர், 75 நாட்டில் ஏறும் உங்களை நெருங்கும் வேகம் வினாடிக்கு 18 மீட்டர்தான். ஒரு கிலோமீட்டர் இடைவெளி மூட ஏறக்குறைய ஒரு நிமிடம். விலக வேண்டிய கடமை அவருடையது, வலப்பக்கமாக. ஆனால் நீங்கள் தரையின் பின்னணியில் அசையாத புள்ளி. உங்கள் விளக்கும் வானொலிச் சொல்லும்தான் உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

திரையும் டவரும்

மற்ற விமானங்கள் தாமே ஒலிபரப்பும் இடத்தைக் காட்டும் ஏடிஎஸ்-பி திரை, எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் அளவில் அருமையான கருவி. அமெரிக்காவில் 2020 ஜனவரி முதல் குறிப்பிட்ட வான்பகுதிகளில் ஒலிபரப்பும் கருவி கட்டாயம். ஆனால் அதற்கு வெளியே கருவியே இல்லாதவர்கள் உண்டு. கிளைடர்களில் பெரும்பாலும் ஃப்ளார்ம் என்ற வேறு கருவி. முன்கண்ணாடி அருகே வைத்த கையடக்க ஏற்பியை விமானத்தின் உலோக உடலே மறைக்கும், பின்னாலும் கீழும் வருபவர் விட்டுப்போவார். தகவலும் சற்றுத் தாமதமாகத்தான் வரும். கடைசி அரை மைலில் திரையைப் பார்த்து வளைந்து தப்பிக்க முயல்வது ஆபத்து. திரையில் பார்த்தால் உடனே வெளியே அந்தத் திசையைத் தேடுங்கள்; ஏறும் முன் உயர வடிகட்டி (எந்த உயரத்தில் உள்ளவர்களைத் திரை காட்ட வேண்டும் என்ற அமைப்பு) மேலே உள்ளவர்களையும் காட்டுகிறதா என்று பார்த்துவையுங்கள்.

டவர் இருக்கும் சிறு தளங்களில், கண்பார்வை விதியில் பறக்கும் இரண்டு விமானங்களைக் காற்றில் பிரித்து வைப்பது கட்டுப்பாட்டாளரின் பொறுப்பு அல்ல. வரிசைப்படுத்துவார், தகவல் தருவார், விலகுவது நீங்கள். 'தெரிகிறது' என்பதை உண்மையில் தெரியும்போது மட்டும் சொல்லுங்கள். தெரிந்தது மறைந்துவிட்டால் அந்த நொடியே சொல்லுங்கள். 1978 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியாகோவில் தரையிறங்க வந்த, பிஎஸ்ஏ விமான நிறுவனத்தின் 182-ஆம் எண் பயணமான போயிங் 727, முன்னால் கீழே ஏறிக்கொண்டிருந்த செஸ்னா 172-ஐப் பின்னாலிருந்து மோதியதில் 144 பேர் இறந்தார்கள். செஸ்னாவைப் பார்த்ததாகச் சொன்ன விமானிகள், பிறகு அதைத் தவறவிட்டதைக் கட்டுப்பாட்டாளருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை.

தளத்தை விட்டு விலகிய பிறகு

ஜிபிஎஸ் வந்தபின் எல்லாரும் ஒரே கோட்டில் துல்லியமாகப் பறக்கிறோம், துல்லியமே ஆபத்தாகிவிட்டது. நெடுஞ்சாலை, ஆறு, கடற்கரையை ஒட்டிப் போகும்போது அதற்கு வலப்பக்கம் இருங்கள். அறிவிப்புப் புள்ளிகளுக்கு நேர்மேலே போகாமல் அரை மைல் விலகிச் செல்லுங்கள். தரையிலிருந்து 3000 அடிக்கு மேல் சமநிலைப் பயணத்தில், காந்தத் திசை 0 முதல் 179 வரை என்றால் ஒற்றை ஆயிரத்தோடு 500 (3500, 5500), 180 முதல் 359 வரை என்றால் இரட்டை ஆயிரத்தோடு 500 (4500, 6500) என்பது பரவலான விதி. 3000 அடிக்குக் கீழே இந்த ஒழுங்கு கிடையாது. அதனால் 1000, 1500, 2000 என்ற முழு எண்களில்தான் கூட்டம் சேரும். 1700, 2300 போல ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஒருவர் மோதும் பாதையில் தெரிந்தால்

நேரெதிரே என்றால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே என்றால், எவருக்கு மற்றவர் வலப்பக்கம் தெரிகிறாரோ அவர் விலக வேண்டும். ஆனால் உரிமை உங்களுடையது என்று காத்திருக்காதீர்கள்; அவர் உங்களைப் பார்த்தாரா என்று உங்களுக்குத் தெரியாது. நேரம் இருந்தால் 20, 30 பாகை திரும்புங்கள். அந்தப் புள்ளி கண்ணாடியில் நகரத் தொடங்குகிறதா பாருங்கள். திரும்பும்போது இறக்கை அவரை மறைத்துவிடாத பக்கத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் நல்லது.

மிக அருகில் என்றால் திசையையும் உயரத்தையும் சேர்த்து மாற்றுங்கள். அவர் அடிவானத்துக்கு மேலே என்றால் நீங்கள் கீழே. இங்கே ஏற்ற வேகத்தில் இருப்பதன் விலை தெரியும்: நேராகப் பறக்கையில் 48 நாட்டில் ஸ்டால் ஆகும் (இறக்கை தூக்குவிசையை இழக்கும்) விமானம், உயரம் குறையாமல் 45 பாகை சாய்ந்தால் 57-இலும், 60 பாகை சாய்ந்தால் 68-இலும் ஸ்டால் ஆகும். 74 நாட்டில் ஏறிக்கொண்டிருப்பவர் பதறிப்போய்ச் சாய்த்துக் கட்டுக்கோலையும் இழுத்தால், 600 அடியில் சுழலில் விழலாம். சாய்க்கும்போது முதலில் கோலை முன்னால் தளர்த்துங்கள், மூக்கு தாழட்டும், பிறகு சாய்வு.

விலகிய பின் விமானத்தை நேராக்கி, வேகத்தையும் உயரத்தையும் சரிபார்த்து, அவர் எங்கே போகிறார் என்று கண்ணால் தொடருங்கள். அவரோடு இன்னொருவரும் வரலாம். நிலையான பிறகு வானொலியில் இடம், உயரம், அவரது விமான வகை, நிறம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். தரையிறங்கியதும் நேரத்தோடு எழுதி, உங்கள் நாட்டின் நெருங்கிய சந்திப்பு அறிக்கையாக அனுப்புங்கள். ஒரே இடத்தில் அடிக்கடி இப்படி நடப்பது அந்த அறிக்கைகளால்தான் தெரியவந்து, சர்க்யூட் நடைமுறை மாற்றப்படுகிறது.